கழிவு போக நூறு ரூபா



ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணியளவில் உங்கள் வீட்டுக் குசினியில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் வந்து இரண்டு பைகளையும் தரையில் வைப்பார். நீங்கள் கவிழ்த்துப் பார்ப்பீர்கள். தக்காளி அடியிலும் உருளைக்கிழங்கு மேலேயுமாக வந்திருக்கும். போஞ்சியை முறித்தால் முறியாது, வளையும். கோவா வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பீர்கள்; இரண்டு கோவா வந்திருக்கும். கேட்டால், "மலிவாகக் கிடைத்தது" என்பார். கொத்தமல்லிக் கீரையை மட்டும் மறந்திருப்பார்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் பேச்சு முற்றி, "அப்படியென்றால் இனி நீயே போய்ப் பார்த்து வாங்கு" என்றார். சரி என்று மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் மூத்தும்மா காலத்தில் சந்தை என்பது ஆண்கள் போகும் இடம். அவர் றாத்தல் கணக்கில் வாய்ப்பாடமாகச் சொல்லி அனுப்புவார். வருவதை வைத்துச் சமைப்பார். இன்று நம்மில் பலர் உத்தியோகம் பார்க்கிறோம், பிள்ளைகளை ரியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறோம், வங்கிக்குப் போகிறோம். சந்தைக்கு மட்டும் ஏன் போகக்கூடாது? அங்கு போன பிறகு நான் கற்றுக்கொண்டவை சில உண்டு. வெட்கப்பட்ட விடயம் ஒன்றும் உண்டு. இந்த மாதம் இரண்டையும் எழுதுகிறேன்.

மலைநாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகியருக்காக ஒரு வார்த்தை. பதுளை மாவட்டத்தில் சின்ன நகரங்களுக்கெல்லாம் வாரத்தில் ஒரு சந்தை நாள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தை. 1894 இல் இரயில் பாதை பண்டாரவளைக்கு வந்தது. பதுளைக்கு அது வந்து சேர 1924 ஆகிவிட்டது. இடையிலிருந்த அந்த முப்பது வருடங்களில் பண்டாரவளைதான் ஊவாவின் வாசல். சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள், அப்பால் வெலிமடைப் பக்கத்து மரக்கறி வயல்கள். ஒரு பக்கத்தில் பொருள் விளைகிறது, மறு பக்கத்தில் அதை வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. சந்தை கூட வேறென்ன வேண்டும்?

காலை ஏழு மணிக்கு முன் போய்ப் பாருங்கள். பனி விலகாத நேரத்தில் போஞ்சி, கரட், லீக்ஸ், நோக்கோல், பீட்ரூட் எல்லாம் ஈரம் காயாமல் குவிந்திருக்கும். வெலிமடை, பொரலந்தைப் பக்கத்து உருளைக்கிழங்கைக் கண்டால் விடாதீர்கள். பெரும்போகத்தில் நெல் விளைந்த வயலிலேயே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுவார்கள். தோலை நகத்தால் தேய்த்தால் உரியும் கிழங்கு புதிது. கறிக்கு நல்லது, ஆனால் வைத்திருக்க ஏற்றதல்ல. தோல் இறுகிய கிழங்கை வாங்கி இருட்டான இடத்தில் பரப்பி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். பச்சை படர்ந்த கிழங்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். மொனராகலை மாவட்டத்துப் பிபிலைத் தோடம்பழம் பருவத்தில் வரும். தோல் பச்சையாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே இனிப்புத்தான். பசறைப் பக்கத்து மிளகை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். பாரமாக, உருண்டையாக இருக்க வேண்டும். ஊதினால் பறப்பதற்குப் பணம் கொடுக்கக்கூடாது.

கைவேலைப் பொருட்களும் இருக்கும். மூங்கில் கூடை, சுளகு, பன் பாய், ஈர்க்கில் விளக்குமாறு, மண்சட்டி. சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்ல சூட்டில் வெந்தது, கீறல் இல்லாதது. மந்தமாக ஒலித்தால் வைத்துவிடுங்கள். வாங்கி வந்ததை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசிக் கஞ்சியை ஊற்றி இளஞ்சூட்டில் கொதிக்கவிட்ட பிறகு மீன் ஆணம் காய்ச்சுங்கள். முன்பெல்லாம் கொழுந்து பறிக்கும் மூங்கில் கூடைகளும் விற்பனைக்கு வரும். இப்போது தோட்டங்களில் பெரும்பாலும் சாக்கும் வலைப்பையும்தான்; கூடை உல்லாசப் பிரயாணிகளின் புகைப்படத்துக்கு வந்துவிட்டது.

விலை விடயத்துக்கு வருவோம். "போன கிழமை இவ்வளவுதானே, இந்தக் கிழமை ஏன் இப்படி?" என்று விற்பவரிடம் சண்டை பிடிப்பவர்கள் நம்மில் அதிகம். நானும் பிடித்திருக்கிறேன். ஆனால் சந்தையில் பெரிய தட்டுப் போட்டிருக்கும் வியாபாரியும் விலையை அங்கே உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் விடியற்காலையில் என்ன விலை போனதோ அதை ஒட்டித்தான் அவர் விற்கிறார். அங்கே விலையைத் தீர்மானிப்பது, பேலியகொடைக்குப் போய்விட்ட கொழும்பு மெனிங் சந்தைக்கு எத்தனை லொறி ஏறுகிறது என்பது. மழை ஒரு கிழமை கூடினால் கரட் அழுகும். 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது வெலிமடை விவசாயிகள் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறத்தாழ இருநூறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்து வீதிகள் அடைபட்டபோது, விளைந்ததும் வெளியே போகவில்லை, வேண்டியதும் உள்ளே வரவில்லை. தட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக் கோபித்து என்ன பயன்?

கோபிக்க வேண்டிய இடம் தராசு. தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதற்கென்றே அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. முத்திரை எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மின்தராசு என்றால், பொருளை வைக்கும் முன் பூச்சியம் காட்டுகிறதா, இலக்கம் நம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு வழி சொல்கிறேன். பையில் உடைக்காத ஒரு கிலோ சீனிப் பக்கற் இருந்தால் அதைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை. உண்மையாகவே மோசடி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டதையும் நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே தக்காளிப் பெட்டியின் அடியைக் கிளறிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் வெட்கப்பட்டது வேறோர் இடத்தில்.

சந்தையின் ஓரத்தில், தட்டும் கூரையும் இல்லாமல், சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பெண்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போட்ட போஞ்சி, ஒரு கட்டு வல்லாரை, ஐந்தாறு ஆனைக்கொய்யா, ஒரு பிடி கொச்சிக்காய். அவர்களிடம் தராசு இல்லை. கூறு வைத்து விற்பார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் இவர்கள் தொகை கூடும். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தரும் வாசனை அந்த வறண்ட காற்றில்தான் ஏறுகிறது. ஆனால் அதே காற்றில் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறைகிறது. கோப்பையில் வாசனை கூடும் மாதத்தில் லயத்து அடுப்பில் கறி குறையும்.

2024 நவம்பரில் ஒரு ஞாயிறு. நல்ல மழைக்காலம். அப்படி ஓர் அக்காவிடம் குனிந்தேன். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும்; விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. போஞ்சி நான்கு கூறு வைத்திருந்தார்.

"கூறு என்ன விலை அக்கா?"

"நூத்தம்பதும்மா. விடியக்காலையில பறிச்சது."

முறித்துப் பார்த்தேன். படக்கென்று முறிந்தது. அரைக் கிலோவுக்குக் குறையாது. தட்டில் வாங்கினால் இதைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நூறுக்குத் தாங்களேன்."

"கட்டாதும்மா."

நம் எல்லோருக்கும் தெரிந்த வித்தையைச் செய்தேன். எழுந்து இரண்டடி நடந்தேன். மூன்றாவது அடியில், "சரி, வாங்கம்மா" என்று கூப்பிட்டார். பையில் போட்டுக்கொண்டு நூறு ரூபாவைக் கொடுத்தபோது எனக்குள் எவ்வளவு பெருமை! வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், இப்படித்தான் வாங்க வேண்டும் என்று காட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு பையைக் கட்டினேன். அப்போது பக்கத்துச் சாக்குக்காரி அவரிடம், "எவ்வளவுக்குக்கா குடுத்த?" என்று கேட்டார்.

"கழிவு போக நூறு."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஏதோ தோட்டத்துப் பகடி என்று நினைத்து வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ரீச்சர் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறார். மாலையில் அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கழிவு என்றால் என்னவென்று விளக்கினார். கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோவார்கள். தராசு காட்டும் நிறை அப்படியே அவள் கணக்கில் ஏறாது. சாக்குக்கு என்று ஒரு கழிவு, இலையில் நிற்கும் ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, முற்றிய இலை இருந்தால் அதற்கும். மழை நாளில் கழிவு கூடும். சாக்குக்கும் தண்ணீருக்கும் நிறை உண்டுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதைத் தீர்மானிப்பது அவளல்ல. பல தோட்டங்களில் பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் முழுப்பெயர், சிலவற்றில் இருபது. அது குறைந்தால் அரைப்பெயர், அதாவது பாதிச் சம்பளம். கழிவினால் ஒரு கிலோ போய், அந்த ஒரு கிலோவினால் பாதி நாள் போய்விடுவதும் உண்டு. தோட்டங்களில் எத்தனையோ வருடமாகத் தீராத வழக்கு இது. கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டு இப்போது அதைப் பகடியாக்கிச் சிரிக்கிறார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, கணக்குப் பார்த்தேன். 2024 செப்டம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தல் வந்திருந்தது. அதற்கு முன் 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரூபாவாக இருந்தது. 1,350ஐப் பதினெட்டுக் கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 75 ரூபா. நான் குறைத்த ஐம்பது ரூபா, கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, சரிவில் நின்று, அட்டைக் கடியோடு பறித்த கொழுந்து. நேரமாகப் பார்த்தால் எட்டு மணித்தியால வேலையில் ஏறக்குறைய 18 நிமிடம். அந்த ஐம்பது ரூபாவில் எனக்கு என்ன கிடைத்தது என்றும் யோசித்தேன். திரும்பி வரும்போது மகன் ஐஸ்கிறீம் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். அதன் விலையை நான் கேட்கக்கூட இல்லை. குளிர்சாதனக் கண்ணாடிக் கதவுள்ள கடையில் ஒட்டியிருக்கும் விலையை நம்மில் யார் குறைத்துக் கேட்கிறோம்?

குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கே அளவையில் மோசம் செய்வோரின் பெயர்தான். அதை ஓதும்போதெல்லாம் தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வியாபாரியைத்தான் நான் நினைத்திருக்கிறேன். மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் பேசியபோது நிறுவையோடு நிற்கவில்லை. பிறருடைய பொருளின் பெறுமதியைக் குறைப்பதையும் சேர்த்தே தடுத்தார்கள். பெறுமதியைக் குறைப்பவள் தராசுக்கு இந்தப் பக்கமும் நிற்கலாம் என்று அன்றுதான் பட்டது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலர், "அப்படியென்றால் பேரமே பேசக்கூடாதா?" என்று கேட்பீர்கள். யார் சொன்னது? சந்தையில் துணிக்கடை போட்டிருப்பவர்களில் நம் நானாமார் நிறையப் பேர். அவர்கள் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று சந்தை சந்தையாகச் சுற்றுபவர்கள். ஆயிரம் ரூபாத் துணிக்கு ஆயிரத்து எண்ணூறு சொல்வார்கள். நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் விலை அது. அங்கே தாராளமாகப் பேசுங்கள். பேசாவிட்டால் அவரே கவலைப்படுவார். இந்தத் தொழில் நம்மவர்க்குப் புதிதுமல்ல. கண்டி அரசர் காலத்தில் தவளம் என்ற பொதிமாட்டு வரிசைகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைக்கு வந்து, பாக்கும் மிளகும் கொண்டு இறங்கியவர்கள் முஸ்லிம்கள். பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு அரசரிடம் இருந்த மடிகே என்ற பிரிவில் அவர்கள்தான் பெரும்பங்கு. பிறகு தோட்டங்கள் வந்ததும் பொட்டணி நானாமார் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறினார்கள். கடன் கொப்பியில் எழுதிவிட்டு, சம்பள நாளில் வந்து வாங்கிப் போனார்கள். அந்தக் கொப்பிகளில் எல்லாம் நேர்மையாகத்தான் எழுதப்பட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். நல்லவர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள்.

சாக்கு விரித்திருப்பவள் சொல்லும் விலையில் அப்படிக் கூடுதல் வைத்துச் சொல்லியிருப்பது அபூர்வம். அவளுக்கு மத்திய நிலைய விலை தெரியாது, பக்கத்துச் சாக்குக்காரியின் விலைதான் தெரியும். மாலை நான்கு மணிக்குப் போனால் இன்னும் மலிவு என்று சில வீடுகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மலிவுதான். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் புறப்படப் போகிறது, விற்காத போஞ்சியைத் திரும்பச் சுமந்து போக முடியாது, அதனால் மலிவு.

வேறொரு குறையும் நம்மிடம் உண்டு. கூறில் இருப்பதைக் கிளறி, நல்லதாகப் பத்துப் போஞ்சியை மற்றக் கூறிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது. மிச்சக் கூறை யார் வாங்குவது?

அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் போனேன். அதே இடத்தில்தான் இருந்தார். அன்றைக்கும் போஞ்சிதான், கூடவே ஒரு சின்னக் குவியல் கொச்சிக்காய். என்னை அவருக்கு ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் குனிந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்! விலை கேட்டேன். நூற்றைம்பது என்றார். கொடுத்தேன். நோட்டுகளை வாங்கியவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று யோசித்தாரோ என்னவோ, நூறு ரூபா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மடியில் செருகினார். பிறகு கேட்காமலே ஒரு பிடி கொச்சிக்காயை அள்ளி என் பையில் போட்டார்.

"இது எவ்வளவு அக்கா?"

"அது சும்மாம்மா. உறைக்கும், பாத்துப் போடுங்க."

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து போஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்ன விலை?"

"நூற்றைம்பது."

"போன கிழமை நூறு என்றாயே? கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே!"

பகல் சாப்பாட்டுக்குத் தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். வழக்கமாக நான்கு கொச்சிக்காய் போடுவேன். அன்று ஏழு போட்டேன்.